கூடைப்பந்திலிருந்து என்எஃப்எல்: கூடவே இருந்து பார்த்தது

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக ஜிம்மில் வேலை பார்க்கிறேன். எங்கள் கூடைப்பந்து அணிப் பையன் ஒருவன் கடைசி சீசன் முடிந்த கையோடு வந்து, "கோச், என்எஃப்எல்லுக்கு முயற்சி பண்ணலாமா?" என்றான். என்எஃப்எல் என்பது அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக். ஆறடி ஐந்து அங்குலம். தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ரிங்குக்கு அடியில் நின்று மல்லுக்கட்ட அந்த உயரம் பத்தாது. அமெரிக்கன் ஃபுட்பாலில் டைட் எண்ட் இடத்துக்குக் கச்சிதமான உடம்பு. பந்தையும் பிடிக்க வேண்டும், எதிராளியை மறித்துத் தள்ளவும் வேண்டும், அதுதான் டைட் எண்ட் வேலை.

எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு வந்தாலே அன்டோனியோ கேட்ஸ் பெயர்தான். எங்கள் ஓஹையோவிலேயே உள்ள கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து மட்டும் ஆடியவர். 2003இல் டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், யாரும் எடுக்காமல் என்எஃப்எல் அணியான சார்ஜர்ஸில் சேர்ந்து 116 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் எடுக்கும் ஸ்கோர்) அடித்தார். 2025இல் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போய்விட்டார். ஆனால் நான் பையனுக்குப் போட்டுக் காட்டியது மோ அலி-காக்ஸ் வீடியோக்களை. விசியூ பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிவிட்டு 2017இல் கோல்ட்ஸ் என்ற என்எஃப்எல் அணிக்குப் போனவர். பந்து பிடிப்பதை விட பிளாக்கிங்கால், அதாவது எதிராளியை மறித்துத் தள்ளுவதால், இடம் பிடித்தவர்.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. எகிறி உயரத்தில் பந்தைப் பறிப்பது கூடைப்பந்துக்காரர்களுக்குக் கைவந்த கலை. பிளாக்கிங் அப்படியில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்க வேண்டும். பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கியதும் நிமிர்ந்தால் முடிந்தது கதை. எதிராளி நெஞ்சுக்குக் கீழே புகுந்து தூக்கிவிடுவான். கூடைப்பந்தில் ரீபவுண்டுக்கு (ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்துக்கு) முதுகால் ஆளைத் தடுத்துப் பழகியவன், இங்கே இரண்டு கையையும் எதிராளியின் நெஞ்சுக்குள் வைத்துத் தள்ள வேண்டும். கை தோளுக்கு வெளியே போய்ப் பிடித்தால் ஹோல்டிங், 10 யார்டு பெனால்டி. பயிற்சியில் அவன் இடிப்பதற்கான மெத்தைப் பேடைப் பிடித்து நின்றவன் நான். ஆரம்பத்தில் அவன் இடி என்னை அசைக்கவே இல்லை. இடுப்பை இறக்கக் கற்றபின் சுவர் வரை தள்ளிக்கொண்டு போனான். அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

என்எஃப்எல் அணிகளின் ஆட்கள் கல்லூரிக்கு வந்து வீரர்களைச் சோதிக்கும் ப்ரோ டேயில் 40 யார்டு ஓட்டம் சுமார்தான். நின்ற இடத்திலிருந்து குதித்ததைப் பார்த்துத்தான் ஸ்கவுட்கள் குறித்துக்கொண்டார்கள். டிராஃப்டில் பெயர் வரவில்லை. மே மாதம் ஒரு அணி, புதுமுகங்களுக்கான ரூக்கி மினிகேம்ப் என்ற குறுகிய முகாமுக்கு டிரைஅவுட்டாகக் கூப்பிட்டது. ஒப்பந்தம் கிடையாது, பிடித்தால் வைத்துக்கொள்வார்கள். அதற்கு முன் பிளேபுக்கை (அணியின் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய புத்தகத்தை) அட்டைகளில் எழுதி வைத்து, நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவன் நிற்க வேண்டிய இடத்தைச் சொல்வான். இதில் அசட்டையாக இருந்தால் எவ்வளவு திறமை இருந்தும் பிரயோஜனமில்லை.

இந்த யோசனை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கல்லூரியில் ஆட இன்னும் ஒரு வருடம் தகுதி மீதியிருந்தால் அதை ஃபுட்பாலுக்குக் கொடுங்கள். ஃபுளோரிடாவின் மயாமி பல்கலைக்கழகத்தில் ஜிம்மி கிரஹாமும் போர்ட்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் தாமஸும் நான்கு வருடக் கூடைப்பந்துக்குப் பிறகு அதைத்தான் செய்தார்கள். 2010இல் கிரஹாம் மூன்றாம் சுற்றில், 2011இல் தாமஸ் நான்காம் சுற்றில் டிராஃப்ட் ஆனார்கள். எங்கள் பையனுக்கு அந்த வருடம் மிச்சமில்லை.

மினிகேம்ப் முடிந்து வெறுங்கையோடு வந்தான். பயிற்சியை மட்டும் விடவில்லை. ஆகஸ்டில் அதே அணியில் ஒரு டைட் எண்டுக்கு முழங்காலில் அடிபட, போன் வந்தது. 53 பேர் கொண்ட முதன்மை அணிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை, ஆனால் அணியோடு பயிற்சி செய்யும் துணைக் குழுவான பிராக்டிஸ் ஸ்குவாடில் எடுத்துக்கொண்டார்கள். இந்த வாரப் பயிற்சியில், ஞாயிற்றுக்கிழமை மோதப்போகும் எதிரணியின் டைட் எண்டாக நின்று ஆடுவது அவன் வேலை.