ஏழாம் மாதச் சர்க்கரைப் பரிசோதனையும் ஒரு பொய்யான 118-உம்

முதல் பரிசோதனையில் சர்க்கரை இல்லை என்று வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்த்தாக வேண்டும் என்பது கர்ப்பிணிகள் பலருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். சீட்டில் 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம், சாப்பிட்டிருந்தாலும் எடுக்கலாம் என்று தெளிவாகவே இருந்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் போன தனியார் பரிசோதனைக் கூடத்தில் இருந்த பெண் அந்தச் சீட்டைப் படிக்கவே இல்லை. "சாப்டுட்டு வந்தா எப்படிம்மா எடுக்கறது? நாளைக்கு வெறும் வயித்துல வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கர்ப்பிணிகளைப் பட்டினியோடு அலையவிடக் கூடாது என்பதற்காகத்தானே மத்திய அரசின் வழிகாட்டுதலில் இந்த முறையே வைக்கப்பட்டிருக்கிறது!

மறுநாள் வெறும் வயிற்றோடு போய், 300 மில்லி தண்ணீரில் கரைத்த குளுக்கோஸைக் குடித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, வாந்தி வந்துவிட்டது. குடித்த 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் அன்றைய சோதனை செல்லாது. அதை எடுத்துச் சொல்லியும், "கொஞ்சம்தானேம்மா போச்சு, உட்காருங்க" என்று உட்காரவைத்து ரத்தம் எடுத்து, 118 என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். குளுக்கோஸ் குடித்த நேரம், ரத்தம் எடுத்த நேரம் இரண்டுமே அந்தத் தாளில் இல்லை. 140-க்குக் கீழே இருக்கிறதே என்று என் மாமியாருக்கு நிம்மதி. எனக்கோ ஆத்திரம் அடங்கவில்லை.

நடந்ததைக் கேட்ட மருத்துவர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, தம் எதிரிலேயே செவிலியரிடம் சொல்லி வேறொரு நாளில் சோதனை செய்யவைத்தார். இம்முறை பத்து நிமிடத்துக்குள், ஆனால் வாய் வாயாக நிறுத்திக் குடித்தேன், வாந்தி வரவில்லை. முடிவு 152, 140-ஐத் தாண்டிவிட்டது; அதாவது கர்ப்பகாலச் சர்க்கரை. அந்த 118 அப்படியே கோப்பில் ஏறியிருந்தால், குழந்தை அளவுக்கு மீறிப் பெருப்பதும் பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை இறங்குவதும் யாரும் எதிர்பாராத நேரத்தில் வந்து நின்றிருக்கலாம். ஆகவே, இரண்டு நேரங்களையும் அறிக்கையில் எழுதி வாங்காமல் அங்கிருந்து எழுந்து வராதீர்கள்.

முதலில் இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடு, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே வராவிட்டால் மருந்து என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும், கர்ப்பத்தில் குடல் இயக்கம் மந்தமாவதாலும் எனக்கு ஏற்கெனவே கடும் மலச்சிக்கல் இருந்தது. சர்க்கரைக்காகச் செய்த மாற்றங்களே வயிற்றுக்கும் நல்லதாக அமைந்தன. நான்கு இட்லி இரண்டாகி, பக்கத்தில் முளைகட்டிய பச்சைப்பயறுச் சுண்டல் வந்தது. மதியம் சோற்றைப் பாதியாக்கி, முருங்கைக்கீரைப் பொரியலையும் காசிமேட்டு நெத்திலிக் குழம்பையும் மோரையும் கூட்டிக்கொண்டேன். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று தட்டில் சோறு வைத்த மாமியாரிடம், உணவைக் குறைக்கவில்லை, ஆறு வேளையாகப் பிரித்திருக்கிறோம் என்று புரியவைக்கத்தான் நாளானது.

இன்னொரு எச்சரிக்கை. வயிறு சரியில்லை என்றதும் மருந்துக் கடைக்காரர் தானாகவே ஒரு புரோபயாட்டிக் (குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய) மாத்திரை அட்டையை நீட்டினார். அவை கர்ப்பகாலச் சர்க்கரையைத் தடுக்கும் என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை என்றும், ப்ரீஎக்லாம்ப்சியா என்னும் ரத்த அழுத்தச் சிக்கலின் அபாயத்தைக் கூட்டக்கூடும் என்றும் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு கூறுகிறது. மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

இரண்டு வார முடிவில் எனக்கு 112 வந்தது, இன்சுலின் தேவைப்படவில்லை. பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரத்தில் ஒரு பரிசோதனை இருக்கிறது. கைக்குழந்தையோடு இருக்கும்போது பலரும் அதைத் தவறவிடுகிறார்கள் என்று செவிலியர் சொன்னதால், அதையும் இப்போதே என் அட்டையில் எழுதி வாங்கிவிட்டேன்.