பனி சாம்பலா வந்திட்டுது

ரொறன்ரோ மருமகன் நேற்று ஐஸ் ஹொக்கிப் படங்கள் அனுப்பினான். "மாமா, பனி ஏன் சாம்பலா வருது?"

திருகோணமலையில கலியாணப் படம் எடுக்கிற நான் பனியைக் கண்டது குளிர்பெட்டிக்குள்ளதான். ஆனா உப்புவெளிக் கடற்கரையில மத்தியான வெயிலுக்க, வெள்ளைச் சேலைப் பொம்பிளையைச் சாம்பலாக்கின ஆள் நான். வெள்ளை கூடினா, வெளிச்சம் கூடிப்போச்செண்டு கமரா இருட்டாக்கிப்போடும். ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சத்தை ரெண்டு மடங்கா, கூட்டிவிடு எண்டன்.

பாத்தா ஷட்டர் திறந்திருக்கிற நேரம் 1/125 செக்கன்! ஆக்கள் எல்லாம் கலங்கல். இந்த விளையாட்டுக்கு 1/500ஐ விட மெதுவா விடக் கூடாதடா. லென்ஸின்ர வாயை எஃப் 2.8க்கு அகலத் திற; ஐஎஸ்ஓவை, அதுதான் கமரா வெளிச்சத்தை உணர்ற அளவை, 3200, 6400 எண்டு துணிஞ்சு ஏத்து. படத்தில புள்ளி விழும்தான், விழட்டும். கலங்கினதை ஆராலயும் திருத்தேலாது.

ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை. அது லைற்றின்ர வேலை. இஞ்சத்த 50 ஹேர்ட்ஸ் கரண்டில பழைய ரியூப் லைற் செக்கனுக்கு 100 தரம் மினுங்கும்; அங்க 60 ஹேர்ட்ஸ், 120 தரம். மினுக்கத்தில எந்தக் கணம் படத்தில பிடிபடுதோ அந்த நிறம்தான் விழும். உள்ளரங்கில பட்மின்டன் எடுக்கேக்க நான் பட்ட அதே பாடு. ரோவில, அதுதான் கமரா பதப்படுத்தாத கோப்பா, எடுத்துப் பிறகு நிறத்தைத் திருத்தச் சொன்னன்.

விடிய ஒரு படம் வந்திருக்கு. கோல் காக்கிற ஆளின்ர முகமூடிக் கம்பிக்குள்ள ரெண்டு கண், பின்னால வெள்ளை வெளேரெண்டு பனி. கீழ, "மாமா, கை விறைச்சுப்போச்சு."

அதுக்கு என்னட்ட மருந்தில்லை. இஞ்ச வேர்த்து ஒழுகுது.