செவ்வாய்க்கிழமை காடு பார்க்கப் போனோம்

சென்னையில் எங்கே போவதானாலும் முன்கூட்டி விசாரிப்பதை என் வீட்டுக்காரர் இவர் மானக்கேடாக நினைப்பவர். அதிலும் கிண்டி என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பக்கம் படித்தவர் அல்லவா! “கிண்டிக் காட்டில் எந்த மரத்தடியில் எந்த மான் படுத்திருக்கும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும் மாமா” என்று திங்கட்கிழமை இரவே பெரிய மாமாவிடம் அளந்துவிட்டார். மான் படுக்கிற இடம் தெரிந்த மனிதருக்குக் கதவு எந்தக் கிழமை சாத்தியிருக்கும் என்பது மட்டும் தெரியவில்லை.

பெரிய மாமா வந்திருப்பது கண்புரைக்காக. வலது கண் முடிந்துவிட்டது. இடது கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் குளிக்கும்போது தவிர கழற்றுவதில்லை. அதைப் போட்டுக்கொண்டு அவர் வாசல் திண்ணையில் உட்கார ஆரம்பித்த நாளிலிருந்து, காலிங்பெல்லை அழுத்திவிட்டு ஓடுகிற எதிர்வீட்டுப் பையன்கள் நல்ல பிள்ளைகளாகிவிட்டார்கள்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற இலாகா அத்தையுடையது. கைபேசியில் சேவல் கூவும்படி அலாரம் வைத்திருக்கிறார். சேவல் கூவினால் மாமா எங்கே இருந்தாலும், என்ன பேசிக்கொண்டிருந்தாலும், மல்லாந்துவிட வேண்டும். சொட்டு விழுந்ததும் இரண்டு கண்ணையும் மூடி ஐந்து நிமிடம். மருந்து ஒரு கண்ணுக்குத்தானே, மற்றக் கண்ணை ஏன் மூட வேண்டும் என்று மாமா முதல் நாளே வாதாடிப் பார்த்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. அத்தையின் பதிலில் நியாயம் எதுவும் இல்லை, ஆனாலும் அதுதான் சட்டமாயிற்று.

ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள், பச்சையாகப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்ன பத்து விஷயங்களில் ஒன்றுகூட நினைவில் நிற்காத மாமாவுக்கு இது மட்டும் கல்வெட்டாகப் பதிந்துவிட்டது. எங்கள் பால்கனித் துளசி போதாதாம். “மாப்பிள்ளை, இந்த ஊரில் காடு என்று ஏதாவது உண்டா?” என்று கேட்டார். கேட்ட தொனியில் ‘எங்கே இருக்கப்போகிறது’ என்பதும் சேர்ந்தே இருந்தது.

மாமாவின் ஊர் அம்பாசமுத்திரம். மொட்டைமாடியில் துண்டை உதறினால் பொதிகை மேல் விழும் என்பது போலப் பேசுவார். களக்காடு முண்டந்துறைதான் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், ஆண்டு 1988, அதற்கு முன்பே 1962இல் முண்டந்துறை சரணாலயம் ஆகிவிட்டது என்பதெல்லாம் அவர் வீட்டில் குழந்தைகளுக்கு வாய்ப்பாட்டோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கப்படும். அதற்காக மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் திரிந்தவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போவார், ஊர் மொத்தத்தோடும் சேர்ந்து. அந்த நெரிசலில் புலியே வந்தாலும் அதுவும் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

“கிண்டி எவ்வளவு?” என்றார். 2.7 சதுர கிலோமீட்டர் என்றேன். மாமா கண்ணாடிக்குள்ளே கண்ணை மூடிக்கொண்டார். “எங்கள் காப்பகத்தின் மையப் பகுதி மட்டும் 895. அப்படியானால் 331 கிண்டி. மீதி கொஞ்சம் இருக்கிறது, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.”

செவ்வாய்க்கிழமை காலை புளியோதரை, தண்ணீர், சொட்டு மருந்து, சின்னவன் சகிதம் கிளம்பினோம். அத்தைக்குச் செவ்வாயன்று எதையும் தொடங்கப் பிடிக்காது. அவர் வாயைத் திறப்பதற்குள் இவர், “காடு பார்க்கக் கிழமை எதற்கு அத்தை, மான் என்ன பஞ்சாங்கமா பார்க்கிறது?” என்று மடக்கிவிட்டார். இந்த ஒரு வாக்கியத்தை இவர் சாகும்வரை கேட்கப்போகிறார். அதற்கு நான் பொறுப்பு.

வாசலில் பலகை தொங்கியது. மாமாதான் முதலில் படித்தார். கறுப்புக் கண்ணாடியைச் சற்று உயர்த்தி, வகுப்பில் மாணவன் விடைத்தாளைப் படித்துக்காட்டுகிற குரலில், ஒவ்வொரு எழுத்தாக: “செவ்வாய்க்கிழமை விடுமுறை.” பிறகு இவர் பக்கம் திரும்பி, “பலகையில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள் மாப்பிள்ளை, நல்ல கையெழுத்து” என்றார். புதிய கண் வேலை செய்கிறது என்பது எல்லோருக்கும் ஊர்ஜிதமாயிற்று.

“பாம்புப் பண்ணைக்காவது போகலாம்” என்று சின்னவன் சிணுங்கினான். 1972இலிருந்து பக்கத்திலேயே இருக்கிறது, நல்லதுதான், ஆனால் அதற்கும் செவ்வாய்தான் விடுமுறை. அத்தை, “செவ்வாயோ வெறுவாயோ” என்று ஒரே ஒருமுறை சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இவர் காது மட்டும் சிவந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் இவருடைய மூளை அபாரமாக வேலை செய்யும். “உண்மையில் மாமா, காடு உள்ளே மட்டும் இல்லை. நாம் நிற்கிற இடமே காடுதான்” என்று ஆரம்பித்தார். கேட்டால் ஒப்பேற்றல் போலத் தோன்றும். விஷயம் என்னவென்றால், அது உண்மை. 1910இல் காப்புக்காடாக அறிவித்தபோது ஏறத்தாழ 500 ஹெக்டேர் இருந்தது. அதிலிருந்து வெட்டி வெட்டி ஐஐடிக்கும் மற்றவற்றுக்கும் நினைவிடங்களுக்கும் கொடுத்ததுபோக மிஞ்சிய 270 ஹெக்டேரைத்தான் 1978இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். இத்தனையும் தெரிந்து வைத்திருக்கிறவர் ஒரு கிழமையைத் தெரிந்துகொண்டிருக்கக் கூடாதா?

“ஆக, காட்டின் சுற்றுப்புறத்தைக் காட்டப்போகிறீர்கள்” என்றார் மாமா.

“முன்னாள் காட்டை” என்றார் இவர்.

சர்தார் பட்டேல் சாலையில் நடந்தோம். ஆளுநர் மாளிகைப் பக்கத்திலிருந்து மரங்கள் தலையை நீட்டுகின்றன, இந்தப் பக்கம் பஸ்ஸும் லாரியும் புகையை நீட்டுகின்றன. கண்ணில் தூசி விழக்கூடாது என்று அத்தை, மாமாவின் தலையோடு முகத்தையும் சேர்த்துத் துண்டால் சுற்றிவிட்டார். துண்டுக்கு மேலே கறுப்புக் கண்ணாடி. தலைமறைவுத் தலைவர் போல் இருந்தார். சாலையோரம் நின்ற போலீஸ்காரர் ஒருவர் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தார். மாமா அதை மரியாதையாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

காந்தி மண்டபம் திறந்திருந்தது. 1956இல் கட்டியது. உள்ளே நிஜமாகவே நல்ல நிழல். வேம்பும் ஆலும் புங்கையுமாக, சாலை இரைச்சல் பாதியாகக் குறைகிறது. மரத்துக்கு ஒரு ஜோடி. அத்தை ஒவ்வொரு ஜோடியையும் கவலையோடு பார்த்துக்கொண்டே வந்து, “பாவம், கல்லூரிப் பிள்ளைகள், புத்தகம்கூட இல்லாமல் படிக்கிறார்கள்” என்றார். தெரிந்து சொல்கிறாரா தெரியாமல் சொல்கிறாரா என்பது எங்கள் குடும்பத்தில் இன்னும் தீராத விவகாரம். மாமா இருமினார்.

காமராஜர் நினைவிடத்தில் கையெடுத்துக் கும்பிட்டார். தியாகிகள் மண்டபத்தில் சங்கரலிங்கனார் முன்னால் போய் நின்றதும், இத்தனை நாளாகக் கழற்றாத கண்ணாடியை, அத்தை தடுப்பதற்குள், கழற்றிவிட்டார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956இல் 76 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்டவர், பெயர் வந்தது 1969இல், என்று சின்னவனுக்குச் சொன்னார். பள்ளிக்கூடக் குரல் இல்லை, வேறு குரல். சின்னவன் “76 நாளா? ஒன்றுமே சாப்பிடாமலா?” என்று மூன்று முறை கேட்டான். அதன்பின் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து நான் புளியோதரை டப்பாவைத் திறந்தபோது, முழுதாக ஒரு நிமிடம் கைவைக்காமல் இருந்தான். அவன் வாழ்நாளில் அதுதான் மிக நீண்ட உண்ணாவிரதம்.

சாப்பிட்டு முடிக்கவும் சேவல் கூவியது.

பொது இடம், நான்கு பேர் பார்க்கிறார்கள் என்றெல்லாம் மாமா முணுமுணுத்தார். அத்தை காதில் வாங்கவில்லை. மாமாவைக் கல் பெஞ்சில் மல்லாத்தி, தன் மடியில் தலையை வைத்து, கீழிமையை விரலால் இழுத்து, ஒரு சொட்டு. “மூடுங்கள். இரண்டையும்.” பக்கத்து மரத்தடி ஜோடி எங்களைப் பார்த்துவிட்டு நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த வளாகத்தில் அப்போது ஒருவர் மடியில் ஒருவர் தலைவைத்துப் படுத்திருந்த ஒரே ஜோடி எங்கள் மாமாவும் அத்தையும்தான்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் அது வந்தது. வேலிக்கு அந்தப் புறம், புதரை விலக்கிக்கொண்டு, ஒரு புள்ளிமான். இருபது அடிகூட இருக்காது.

“மான்! மான்!” என்று சின்னவன் கத்தினான். மாமா எழப் பார்த்தார். அத்தை நெற்றியில் கைவைத்து அழுத்திவிட்டார். “கண்ணைத் திறந்தீர்களானால் நடக்கிறதே வேறு. இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது.”

“நாலு நிமிடம் அது நிற்குமா?”

“நிற்காவிட்டால் போகட்டும். கண்ணா மானா?”

331 கிண்டிக்குச் சொந்தக்காரர், காட்டின் ஓரத்தில், மானுக்கு எதிரே, கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தார். சிரிப்பை அடக்க நான் டப்பா மூடியைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எப்படி இருக்கிறது என்றாவது சொல்லேன்” என்றார். என்னைத்தான் கேட்கிறார் என்று நான் வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டார்.

கல்யாணமாகி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. மாமா சொல்ல அத்தை கேட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம். “பொட்டை மான். செம்மண் நிறம். முதுகுத்தண்டு மேல் கறுப்பாக ஒரு கோடு ஓடுகிறது, அதற்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளி வரிசை பிசகாமல். மற்றப் புள்ளியெல்லாம் இறைத்துவிட்ட மாதிரிதான். கழுத்துக்குக் கீழே வெள்ளை. இடது காது நுனியில் ஒரு கிழிசல், ஆறிப்போன புண். வால் ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறது.”

“என்ன தின்கிறது?”

அத்தை ஒரு கணம் நிறுத்தினார். அது தின்றுகொண்டிருந்தது யாரோ வேலிக்கு அப்பால் வீசியெறிந்த காகிதத் தட்டை. குழம்பின் மஞ்சள் படிந்த விளிம்பைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

“அருகம்புல்” என்றார் அத்தை. “நல்ல பச்சையாக இருக்கிறது.”

மாமா மூடிய கண்ணோடு தலையை ஆட்டினார். சின்னவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவன் தொடையில் நான் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் சிவந்திருந்தது. இவர்தான் எழுந்துபோய் வேலியோரம் கைதட்டினார். மான் தட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டது. தட்டைக் குச்சியால் இழுத்து எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். அதற்காகச் செவ்வாய்க்கிழமையில் பாதியை மன்னித்துவிட்டேன். மீதிப் பாதி இருக்கிறது. தட்டை வீசிய மகராசனை மன்னிக்கிற உத்தேசம் அறவே இல்லை. நான்கு எட்டில் தொட்டி இருக்கிறது. அதுவரை நடந்தால் கால் தேய்ந்துவிடுமா?

ஐந்து நிமிடம் முடிந்து மாமா எழுந்தபோது புதர் மட்டும் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். “பரவாயில்லை, காடு சின்னதானாலும் புல் நன்றாக இருக்கிறது போல” என்றார்.

இரவு அம்பாசமுத்திரத்திலிருந்து போன். எதிர்முனையில் யார் என்று தெரியவில்லை, பெரிய மாமாவின் குரல் மட்டும் தெருமுனைவரை கேட்டது. “கிண்டிக்குப் போனோம்… ஆமாம், தேசியப் பூங்காவேதான்… மான் என்றால் மான், இவ்வளவு பெரிய கொம்பு! என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறது!” கொம்பின் அளவைக் காட்ட ஒரு கையை நீட்டியதில் மின்விசிறி ரெகுலேட்டர் ஐந்துக்குப் போய்விட்டது.

இவருக்கு வாய் சும்மா இருக்காதே! “மாமா, அது பெண்மான். புள்ளிமானில் பெண்ணுக்குக் கொம்பு கிடையாது. நான் படம்கூட எடுத்திருக்கிறேன்” என்று கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். படத்தில் இவருடைய கட்டைவிரல் பாதி, அத்தையின் முதுகு, அதற்கு அப்பால் ஒரு வால். அவ்வளவுதான்.

அத்தை படத்தை வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். “கொம்பு இருந்தது மாப்பிள்ளை. நான்தானே பார்த்தேன்” என்று சொல்லிவிட்டுச் சொட்டு மருந்தை எடுக்கப் போனார்.