வெல்லமும் கயிறும்

2024 ஆகஸ்ட் 12

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய பெண் குதிரைக் குட்டி நேற்று ராத்திரி டெம்போவில் வந்து இறங்கினாள். கத்தியவார் ஜாதி. காதுகள் உள்பக்கமாக வளைந்து நுனியில் முட்டிக்கொள்கின்றன. உடம்பு அச்சுவெல்ல நிறம், முதுகில் பிடரியிலிருந்து வால் வரை கறுப்பாக ஒரு கோடு. பெயருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, வெல்லம்தான்.

விற்றவர் மூன்று வயது முடிந்துவிட்டது என்று அடித்துச் சொன்னார். இன்று காலை பாய் வந்து உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எங்கள் ஊரில் கடைசியாக ஜட்கா ஓட்டியவர் அவர்தான், எழுபதைத் தாண்டிவிட்டார். "நடுப்பல்லு ரெண்டும் இப்பத்தான் விழுந்து முளைக்குது. ரெண்டரைதான் தம்பி. இன்னும் ஆறேழு மாசத்துக்கு மேலே ஏறுற நினைப்பையே விட்டுரு."

சந்தையில் அரைமணி நேரம் ராசிக்காக மயிர்ச்சுழி பார்த்தேன். வாயைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 15

கழுத்தில் கயிறு கிடப்பது பழக்கம்தான், தலைக்கயிறு மட்டும் ஆகவில்லை. கண்ணுக்கு மேலே கை போனால் தலையைத் தூக்கிவிடுகிறாள். சந்தைக்கு வருமுன் யாரோ காதைப் பிடித்து முறுக்கி அடக்கியிருப்பார்கள் என்கிறார் பாய். மூன்று நாளாகக் கழுத்தில் தொடங்கி, தாடை, கன்னம் என்று தடவித் தடவி இன்றுதான் காதுக்குப் பின்னால் வாரைப் போட முடிந்தது.

அப்புறம் முதல் பாடம். நேராக இழுக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று கயிற்றை இறுக்க வேண்டும். இறுக்கியபடி சும்மா நிற்க வேண்டும். அவள் ஒரு காலை எடுத்து வைத்தாளோ இல்லையோ, அந்த நொடியே தளர்த்திவிட வேண்டும். இழுப்பதில் அவள் எதுவும் கற்பதில்லையாம், விடுவதில்தான் கற்கிறாளாம். எனக்கோ கை ஒரு நொடி தாமதம். அவள் வந்த பிறகும் இழுத்துக்கொண்டிருக்கிறேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 23

இன்று நடந்தது முழுக்க என் தப்பு. வேலிக்கல்லில் கட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். உரச்சாக்கு ஒன்று காற்றில் பறந்து வந்திருக்கிறது. பின்னால் இழுத்திருக்கிறாள், கயிறு விடவில்லை, இன்னும் இழுத்திருக்கிறாள். நான் ஓடி வருவதற்குள் பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். முடிச்சு கல்லாக இறுகிவிட்டது, அரிவாளால்தான் அறுத்தேன். காதுக்குப் பின்னால் தோல் உரிந்திருக்கிறது. என் உள்ளங்கையும் அப்படியே.

பாய் ரொம்பத் திட்டவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. கயிற்றின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் அவிழ்க்கிற முடிச்சை இருபது தரம் போட வைத்தார்.

செப்டம்பர் 9

இடப்பக்கம் நின்றால் நிழல்போல் கூடவே நடக்கிறாள். வலப்பக்கம் போனால் என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்கிற மாதிரி முறைக்கிறாள். எல்லாவற்றையும் இந்தப் பக்கத்துக்கு இன்னொரு தரம்.

நவம்பர் 1

நேற்று தீபாவளி. கொட்டகையில் ஒரு பக்கெட் கொள்ளோடு ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தேன். சரவெடிக்கு நடுங்கினாள். ராக்கெட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கும் புரியவில்லை.

டிசம்பர் 4

கடிவாளம். சொந்தக்காரர் ஒருவர் பரணிலிருந்து முள் கடிவாளம் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார், பாசத்தோடுதான். முள் வைத்த கடிவாளம் கூடாது என்று 1965ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு விதிகளிலேயே இருக்கிறது. அதைச் சொன்னால் வருத்தப்படுவார் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். திரும்பப் பரணுக்கே போய்விட்டது, எங்கள் வீட்டுப் பரணுக்கு.

நாங்கள் போட்டது நடுவில் ஒரு மூட்டு உள்ள வழவழப்பான இரும்பு. முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் இடையில் பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. அங்கே கட்டைவிரலை வைத்தால் வாய் தானாகத் திறக்கிறது. இரும்பில் வெல்லப்பாகு தடவியிருந்தேன். வெல்லத்துக்கு வெல்லம். ஒரு மணி நேரம் மென்றுகொண்டே நின்றாள்.

2025 ஜனவரி 19

டேப் வைத்து அளந்தோம். மார்புச் சுற்று 155 செ.மீ., தோள் முனையிலிருந்து பிட்டம் வரை 145 செ.மீ. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். கிட்டத்தட்ட 293. சுமப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. சேணத்தையும் சேர்த்து 58 கிலோ.

நான் மட்டுமே 72.

கணக்கை இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். பாய் தன் பேரனைக் கூப்பிட்டார். பத்தாவது படிக்கிறான், 47 கிலோ.

பிப்ரவரி 16

முதலில் வெறும் சாக்கு, பிறகு சேணம். வாரை இறுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்கிறாள். பத்தடி நடத்தினால் வார் தொளதொளவென்று ஆகிவிடுகிறது, அப்போது இன்னொரு துளை. கால் வைக்கிற அங்கவடி விலாவில் தட்டினால் முதலில் எகிறினாள், இப்போது கண்டுகொள்வதில்லை.

மார்ச் 9

மூன்று நாளாகப் பையன் அவள் முதுகின் குறுக்கே வயிறு அழுந்தப் படுத்துப் படுத்து இறங்கிக்கொண்டிருந்தான். இன்று ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். அவள் காது இரண்டும் அப்படியே பின்னால் திரும்பின. முதுகு வில்லாக விறைத்தது. தலைக்கயிறு என் கையில்.

"நட" என்றேன். நடக்கவில்லை. கயிற்றை இறுக்கினேன், இன்னும் ஊன்றி நின்றாள். பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாய் வேலியோரம் குந்தியிருந்தவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "அவ எப்பவோ எடைய முன்னால சாய்ச்சுட்டா. நீதான் இன்னும் விடல."

விட்டேன். ஓரடி வைத்தாள். நின்று யோசித்தாள். பெருமூச்சு ஒன்று விட்டுவிட்டு வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்பினாள். அவ்வளவுதான், நாலு நிமிடம்கூட இருக்காது. சேணத்தைக் கழற்றியதும் மண்ணில் விழுந்து புரண்டாள்.

"நீங்க எப்பண்ணா ஏறுவீங்க?" என்று கேட்டான் பையன். ராத்திரி இரண்டு தோசையோடு எழுந்துவிட்டேன்.