பீதித் தாக்குதல்: செய்முறைத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது

மருத்துவ மாணவர்களின் அவசர சிகிச்சைச் செய்முறைத் தேர்வில், நோயாளியின் பீதித் தாக்குதல் (panic attack) தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது. நெஞ்சுவலியாக, மூச்சுத்திணறலாக, "செத்துவிடுவேன் போலிருக்கிறது" என்ற கதறலாக வரும். அதனால் இதை மனநலப் பாடத்தோடு நிறுத்தாமல் நெஞ்சுவலிப் பாடத்தோடு சேர்த்துப் படித்தேன். தேர்வில் கைகொடுத்தது அதுதான்.

கடும் அச்சம் திடீரெனக் கிளம்பிச் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடும். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 கூறும் 13 அறிகுறிகளில் குறைந்தது 4 இருக்க வேண்டும். பட்டியலை ஒப்பிப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். மாரடைப்பு, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, ஆஸ்துமா, சர்க்கரைத் தாழ்வு ஆகியவற்றை எப்படி விலக்கினீர்கள் என்பதில்தான் தேர்வாளரின் கண் இருக்கும். நெஞ்சுவலி என்றால் 10 நிமிடங்களுக்குள் இசிஜி. கூடவே ஆக்சிஜன் அளவு, ரத்தச் சர்க்கரை. முன்பே பீதித் தாக்குதல் வந்தவர் என்பதற்காக இவற்றைத் தவிர்க்கக் கூடாது. அவருக்கும் மாரடைப்பு வரலாம்.

விரல்கள் ஏன் மரத்து இழுத்துக்கொள்கின்றன என்பது எனக்குப் பிடித்த கேள்வி. வேக மூச்சில் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதனால் ரத்தத்தில் அயனி வடிவக் கால்சியம் குறைகிறது. நரம்புகள் எளிதில் தூண்டப்பட்டு விரல்கள் மரத்து இழுக்கின்றன. இதைப் புரிந்துகொண்டவர்கள்கூட, வெளியேறிய கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப உள்ளிழுக்கட்டும் என்று காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம். உள்ளே இருப்பது ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால் ஆக்சிஜன் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும்.

நோயறிதலில் பீதித் தாக்குதல் கடைசியில்தான் வர வேண்டும். ஆனால் அமைதிப்படுத்துவது முதல் நொடியிலேயே தொடங்க வேண்டும். இசிஜி எடுக்கும்போதே உங்கள் பெயரைச் சொல்லுங்கள், செய்வதை விளக்குங்கள், மூச்சை மெதுவாக நீளமாக வெளிவிட நீங்களே செய்துகாட்டுங்கள். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் படும் அவதி உண்மையானது. சோதனைகள் முடிந்ததும், "இதயம் நன்றாக இருக்கிறது, இது பீதித் தாக்குதல், தணிந்துவிடும்" என்று விளக்கலாம்.

பெரும்பாலானோருக்கு இதுவே போதும். லோராசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்து, எதற்கும் அடங்காதவர்களுக்கு மட்டும். அதுவும் குறுகிய காலத்துக்கே. வீட்டுக்கு அனுப்புமுன் மது, போதைப் பொருள் பழக்கத்தையும் தற்கொலை எண்ணத்தையும் நேரடியாகக் கேளுங்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை, CBT) வழிகாட்டி, மறுபரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுங்கள்.