பத்து மீட்டர் கயிறும் ஒரு மல்கோவாவும்

பூமியின் இழுப்பும் நிலவின் இழுப்பும் சமமாகும் இடத்தைத் தாளில் கணக்குப் போட்டால் மனதில் நிற்பதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், துணிக்கொடியை அவிழ்த்து 10 மீட்டர் அளந்து போட்டேன். பூமிக்கும் நிலவுக்கும் இடையே உள்ள 3,84,400 கிலோமீட்டருக்கு அந்தக் கயிறு. பூமி 33 செ.மீ. அகலம் வரவேண்டும், வெந்நீர் அண்டா பொருந்தியது. நிலவு 9 செ.மீ. மாம்பழ சீசன் ஆயிற்றே, ஒரு மல்கோவாவை வைத்தேன். பெங்களூரா மூக்கும் முழியுமாக நீண்டிருக்கும், நிலவுக்கு ஆகாது.

முதலில் சொதப்பல்தான். பூமியின் நிறை நிலவைப்போல் 81 மடங்கு என்பதால் கயிற்றையும் 81-க்கு 1 என்று பிரித்து, பழத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி கிளிப்பை மாட்டினேன். வடகம் எடுக்க மாடிக்கு வந்த மகள், பிளஸ் ஒன் படிக்கிறாள், "என்னப்பா, தூரத்தை ஸ்கொயர் பண்ணவே இல்லையா?" என்றாள்.

அதேதான். தூரம் இரட்டித்தால் இழுப்பு கால்வாசி ஆகிவிடும். ஆகவே பிரிக்க வேண்டியது 81-க்கு 1 என்று அல்ல, அதன் வர்க்கமூலமான 9-க்கு 1 என்று. அண்டாவிலிருந்து 9 மீட்டர், பழத்திலிருந்து 1 மீட்டர். பூமியின் 81 மடங்கு நிறையை 9 × 9-ஆல் வகுத்தால் 1; நிலவின் பக்கம் 1-ஐ 1 × 1-ஆல் வகுத்தாலும் 1. நிஜத்தில் பூமியின் மையத்திலிருந்து சுமார் 3,46,000 கி.மீ.

அப்புறம் சூரியன். இதே அளவில் அது 36 மீட்டர் அகலத்தில் 3.9 கி.மீ. தள்ளி இருக்கும். சையத் பாஷா மலைத் திசையில் இருப்பதாக வைத்துக்கொண்டோம். நிறை பூமியைப்போல் 3,33,000 மடங்கு, வர்க்கமூலம் 577. பூமியின் இழுப்பும் சூரியனின் இழுப்பும் சமமான இடம் அண்டாவிலிருந்து 6.7 மீட்டர்! மல்கோவாவுக்கு இந்தப் பக்கம். அப்படியானால் நிலவைப் பூமியைவிட சூரியன்தான் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கிறது. பிறகு ஏன் பிய்த்துக்கொண்டு போகவில்லை? பூமியையும் அது கிட்டத்தட்ட அதே வேகத்தில் வளைக்கிறது. இருவரும் சேர்ந்தே சூரியனைச் சுற்றுகிறார்கள். இழுப்பின் சின்ன வித்தியாசம் மட்டும்தான் நிலவைக் கொஞ்சம் அசைக்கிறது.

2024 ஜனவரி 6-இல் சூரியனை ஆராயும் நம் விண்கலம் ஆதித்யா எல்-1 போய்ச் சேர்ந்த இடம், பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. அங்கே இழுப்புகள் சமம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. சூரியனின் இழுப்பே அங்கு அதிகம். பூமி பின்னால் பிடித்துக் குறைத்தது போக மிஞ்சுவது, பூமியோடு சேர்ந்து ஓராண்டில் சுற்றிவர மட்டும் போதும். கயிற்றுக்கணக்கில் 39 மீட்டர். மாடி பத்தவில்லை. டேப்பைத் தெருவில் இழுத்துக்கொண்டு போய், டீக்கடைப் பந்தல் கம்பில் கிளிப்பை மாட்டிவிட்டு வந்தேன்.