விசரா வரும்வரை

ஜூன் 2
காவலில் செத்தவரின் விசரா அறிக்கை, அதாவது உள்ளுறுப்புகளின் ரசாயனச் சோதனை முடிவு, வரவில்லை. அது வராமல், சாவுக்கு என்ன காரணம் என்று டாக்டர் எழுதமாட்டார். கேஸ் கட்டு அப்படியே கிடக்கிறது.

ஜூன் 3
ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில், இரவு 10.40, அழைத்துவந்தவர் காவலர். கைதுக் குறிப்பில் 11.15. கைதே ஆகாத ஆளைக் காவலர் எதற்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்?

அரசுத் தரப்பில் நின்ற நாட்களில், கொலை வழக்கென்றால் முதலில் எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். (காவலர் கையோடு உடனே மாஜிஸ்திரேட்டுக்குக் கொண்டுபோகும் முதல் தகவல் அறிக்கை) ஓரத்தில் அவர் போட்ட மணியைத்தான் பார்ப்பேன். அது பிந்தியிருந்தால், கலந்துபேசிப் பெயர் சேர்த்துவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். மழையோ, பஸ் இல்லையோ, கொண்டுபோன காவலரையே கூண்டில் ஏற்றிச் சொல்லவைக்க வேண்டும். இப்போது எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தேடுவதும் அதே மணியைத்தான்.

ஜூன் 5
'கழிவறையில் வழுக்கி விழுந்தார்.' எந்த ஸ்டேஷன் கழிவறையானாலும் சரியாகக் கை எலும்பைப் பார்த்துத்தான் வழுக்குகிறது. பிறகு மாவுக்கட்டு.

ஜூன் 6
கையேட்டின் மூன்றாம் அத்தியாயம். காவலில் சாவென்றால் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 176(1ஏ), இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் பிரிவு 196. உறவினர் உடனிருக்கலாம். மனித உரிமை ஆணையத்துக்கு 24 மணி நேரத்தில் தகவல் போகவேண்டும். நாமே மனுப் போடுவதானால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள்.

பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கவேண்டும். எடுப்பார்கள். கேமரா முகத்தையே சுற்றிக்கொண்டிருக்கும், பாதத்தைத் திருப்பச் சொல்ல ஆளிருக்காது. உள்ளங்காலில் லத்தி அடி விழுந்தால் மேல்தோல் நிறம் மாறாமலே இருக்கலாம், கீறினால்தான் உள்ளே கட்டிய ரத்தம் தெரியும். 'பாதங்களைக் கீறிப் பார்க்கவும்' என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கவேண்டும். எரித்துவிட்டால் மறுபரிசோதனைக்கு வழியில்லை. வீட்டாரை அவசரப்படுத்துவதே அதற்குத்தானோ என்னவோ.

ஜூன் 9
வாய்தா.

ஜூன் 11
பெரிய குற்றங்களில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. அந்த 90 நாள் கணக்கில் ஜூனியர்கள் இன்னும் தடுமாறுகிறார்கள். ரிமாண்ட் நாளும் சேரும், 2023-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த விஷயம். மார்ச் 1 ரிமாண்ட் என்றால் 90-ஆம் நாள் மே 29. மே 30 காலையிலேயே ஜாமீன் மனு போகவேண்டும், சீலில் மணியோடு. குற்றப்பத்திரிகை அன்று மாலை வந்தாலும் உரிமை போகாது. குற்றப்பத்திரிகை வந்தபிறகு மனு போனால் போச்சு.

ஜூன் 12
10.40.

ஜூன் 14
வரைவில் நாலு இடத்தில் 'கொடூரமான'. நாலையும் அடித்தேன். 'வலது உள்ளங்கால், 8 x 3 செ.மீ.' போதும்.

ஜூன் 17
விசரா வந்துவிட்டது. விஷமில்லை, சாராயமுமில்லை. 'குடிபோதையில் விழுந்தார்' என்ற கதை போயிற்று. இனி டாக்டரின் இறுதிக் கருத்து. அவர் மாறுதலில் வேறு மாவட்டம் போய்விட்டாராம்.